மூன்று நாள் லீவு

சான்டா கிளாரா
8-11-1987

செல்லக் குழந்தை அனந்தலக்ஷ்மிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கப் போய்க் கை நின்றுவிட்டது, எல்லோரும் என்பதற்கு இப்போது இந்த வீட்டில் நான் ஒருவன்தான். நான் சௌக்கியம். நியூ ஜெர்ஸியில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அம்மாவின் பதிமூன்றாம் நாள் முடிந்து நீ கிளம்பிப் போன பிறகு இங்கே ஒன்றும் விசேஷமில்லை. காலையில் ஃப்ரீவேயில் போகிறேன், சாயங்காலம் ஃப்ரீவேயில் வருகிறேன். பெண்டாட்டி போனால் எங்கள் ஆபீஸில் மூன்று நாள் லீவு, அதுதான் ரூல், நான்காம் நாளே நான் போய் உட்கார்ந்ததுதான் உனக்குத் தெரியுமே. ரொம்ப ஸ்ட்ராங் என்று எல்லோரும் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை, அதற்குப் பெயர் ஸ்ட்ராங் போலிருக்கிறது. பிளசன்டனிலிருந்து ருக்மிணி ஆன்ட்டி வந்து ஃப்ரீஸரில் சாம்பாரை நிரப்பிவிட்டுப் போகிறாள், சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

போன ஞாயிறு போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிப்ப விட்டுட்டு வந்துடறேம்ப்பா, சீனாவுல ஹான் ராஜாக்கள் காலத்துல பெத்தவா போயிட்டா பெரிய ஆபீசர்கூட வேலைய விட்டுட்டு மூணு வருஷம் துக்கம் காப்பான், நான் காக்கக்கூடாதா என்றாய். மூன்று வருஷம் துக்கம் காத்தது ஒரு தேசம், மூன்று நாள் கொடுப்பது ஒரு தேசம், நடுவில் நாம் பதிமூன்று நாள்காரர்கள். ஆனால் நீ அனுப்பிய தீஸிஸ் அத்தியாயத்தை லஞ்சில் படித்தேன், அதில் நீயே ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறாய். தாய் தகப்பன் கல்லறைக்குள்ளேயே இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்து துக்கம் காத்துப் பேர் வாங்கினான், அதிகாரி விசாரித்தால் அவனுடைய ஐந்து பிள்ளைகளும் அந்த இருபது வருஷத்தில் பிறந்தவர்கள். அம்மா கேட்டிருந்தால் புரைக்கேறச் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. இத்தனை துக்கம் காத்த ஜனங்கள்தான் காகிதமும் பண்ணியிருக்கிறார்கள், எப்போது நேரம் கிடைத்ததோ. தூரத்தில் பூமி ஆடினால் காட்டிக்கொடுக்க அவர்கள் செய்த அந்த நிலநடுக்க ஜாடியைப் பற்றி நீ எழுதியிருப்பதை இன்ஜினியர் புத்தியோடு இரண்டு தடவை படித்தேன். சுற்றி எட்டு டிராகன், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு, கீழே வாயைப் பிளந்துகொண்டு தேரைகள். ஒருநாள் குண்டு விழுந்தது, தலைநகரத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆடவில்லை, ஜாடியைச் சந்தேகப்பட்டார்கள், சில நாள் கழித்து எங்கோ தூரத்தில் பூமி ஆடியதென்று ஆள் வந்து சொன்னான். உள்ளே என்ன இருந்தது என்று இன்றைக்கு ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். இதை விட்டுவிட்டு இங்கே வந்து எனக்கு ரசம் வைக்க வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே நிஜமாகவே கொஞ்சம் ஆடியது. பயப்படாதே, கிச்சனில் டம்ளர்கள் கிணுகிணுத்ததோடு சரி. நான் எப்போதும்போல் ஓடிப் போய்க் கதவு நிலையில் நின்றுகொண்டு, ஷ்யாமளா, அடுப்ப அணைச்சுட்டு இங்க வா என்று கூப்பிட்டேன். அவள் நிற்க இடம் விட்டு ஒதுங்கியும் நின்றேன். ஆட்டம் நின்று ரொம்ப நேரம் அப்படியே நின்றிருந்தேன். அப்புறம் அழுதேன், அவள் போனதிலிருந்து அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் எனக்குப் போதவில்லை அனந்து. மூன்று வருஷமும் வேண்டாம், நீ படிப்பை விடுவதற்கு அம்மா சம்மதிக்கமாட்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வா. புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து டைனிங் டேபிளில் பரப்பிக்கொள், ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

தீர்க்காயுசோடு, எடுத்ததை முடித்து நன்றாக இரு. காதை மூடிக்கொள்ளாமல் பனியில் அலையாதே. ருக்மிணி ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன், ஏர்போர்ட்டுக்கு அவள்தான் வருவாள், அவ்வளவு தூரம் என்னை ஓட்ட விடமாட்டாளாம். ஒன்று மட்டும் மறக்காதே, உன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வா. பெல் அடிக்காதே. பெல் அடித்தால் அம்மா போய்த் திறப்பாள் என்று நான் உட்கார்ந்தே இருப்பேன்.

உன் அப்பா
ஜம்புநாதன்