ஒப்பீட்டு எண் பதினேழு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? உன் கடிதம் நேற்று வந்தது. நின்றபடியே ஒருமுறை படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒருமுறை.

நீ கேட்டதற்கு முதலில் பதில். அத்தான் தன் கோர்ட் மனுவில் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதியிருக்கிறார். பாப்பா யாரிடம் வளர்வது என்று அடுத்த மாதம் முடிவாகும். அதனால், "என் மூளை நல்லாத்தான் இருக்குன்னு உங்க ஆபீஸ் பேப்பர்ல ரெண்டு வரி எழுதிக் குடுடி" என்கிறாய். தர முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆய்வு உனக்குத் தெரியும். பெண்கள் சிறையிலிருந்து வேனில் வருகிறார்கள். பிறர் வலி உறைக்காத மனம் என்று சிலரைப் பற்றி மருத்துவம் சொல்கிறது. சைக்கோபதி. ஆண்களிடம் நிறையப் பார்த்துவிட்டார்கள். பெண்களிடம் கொஞ்சம்தான். ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்துப் பயந்த முகங்களைக் காட்டுவோம். முகம் ஆணா பெண்ணா என்று பட்டன் அமுக்கினால் போதும். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஓர் இடம், பயந்த முகத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளும். இவர்களில் பலரிடம் அது மந்தம்.

போன வாரம் ஒருத்தி, "என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு பெத்தவளுக்கே தெரியல, உனக்குத் தெரியப்போகுதாக்கும்" என்று சிரித்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, மூன்றாவது போட்டோவில் இருந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெளியே உள்ள பெண்களும் வேண்டும். ஆள் குறைந்தது. லீவுக்கு வந்திருந்த உன்னைப் படுக்க வைத்தேன். நீ எண் பதினேழு. பெயர் கிடையாது.

பன்னிரண்டு நாளுக்கு முன் டாக்டர் திரையைக் காட்டினார். இந்தப் பதினேழு வேனில் வந்திருக்க வேண்டிய ஆள், தப்பித்து வெளியே திரிகிறது என்று சொல்லிச் சிரித்தார். முகங்கள் வந்து போகின்றன. உன் படத்தில் அந்த இடம் அசையவில்லை.

நானும் சிரித்தேன், அக்கா.

அதன் பிறகு பதினோரு நாள். நம் அறை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒரே இரும்புக் கட்டில், சுவர்ப்பக்கம் நான். கடகடக்கும் ஃபேன். பள்ளிப் படியில் விழுந்து என் தாடை கிழிந்த நாள். நீ அழவில்லை. உன் ரிப்பனை அவிழ்த்து அழுத்திப் பிடித்தபடி, டிரில் மாஸ்டர் நடையை நடந்து காட்டி வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைத்தாய். நான் உடைத்த ஜன்னலுக்கு, கண் இமைக்காமல் பொய் சொல்லி அடி வாங்கினாய். அம்மா போன அன்று, வந்தவர்களுக்கு டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று சித்தி முணுமுணுத்தாள்.

இவற்றை வைத்துத்தான் நான் வளர்ந்தேன். அந்தப் பதினோரு நாளில் ஒவ்வொன்றையும் எடுத்து, சைக்கோபதிக்கு நாங்கள் வைத்திருக்கும் அறிகுறிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். அழவில்லை: சரி. சரளமாகப் பொய்: சரி. பிறரைக் கவரும் பேச்சு: சரி.

நேற்று, உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. "ஸ்கேன் அன்னிக்கு, இரும்பு கூடாதுன்னு கண்ணாடியைக் கழட்டச் சொல்லிட்டாங்க. முகமெல்லாம் புகை மாதிரி. கேட்டா நீ வள்ளுன்னு விழுவியேன்னு குத்துமதிப்பா அமுக்கினேன்."

பார்வை குறைந்தவர்களுக்கு உலோகம் இல்லாத லென்ஸ் வைத்திருக்கிறோம். கொடுப்பது என் வேலை. உன் படிவத்தை உன்னைக் கேட்காமல் நானே நிரப்பினேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர். கண்ணாடி அணிபவரா? இல்லை என்று எழுதியிருக்கிறேன். நீ போட ஆரம்பித்து இரண்டு வருடமாம். லீவில் உன் முகத்தில் அதைப் பார்த்தும், படிவத்தை நிரப்பியது பழைய முகத்தை வைத்துத்தான். நேற்றே உன் பட்டன் பதிவைத் திறந்தேன். சரிபாதி தப்பு. முதல் நாளே பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை.

தெளிவாகப் பார்த்தும் அந்த இடம் அசையாமல் இருந்திருந்தால்கூட, ஒரு படத்தை வைத்து ஒருத்தி இன்னார் என்று சொல்ல முடியாது. நாங்கள் பார்ப்பது கூட்டத்தின் சராசரி. வருகிறவர்களிடம் மனப்பாடமாக ஒப்பிப்பேன். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினேழை நீக்கச் சொல்லி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லென்ஸ் போட்டு மறுபடி எடுக்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். உன்மேல் உள்ள நம்பிக்கையிலா, படத்தைப் பார்க்கப் பயந்தா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் பேப்பர் வேண்டாம். நான் வருகிறேன். ரிப்பனை, ஜன்னலை, டம்ளர்களை நீதிபதி முன்னால் சொல்கிறேன். அத்தானின் வக்கீல், உன் அக்காவை ஒருநாளாவது சந்தேகப்பட்டதுண்டா என்று கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. அது உனக்குத்தான் வரும். பதினோரு நாள் என்றுதான் சொல்வேன்.

இதைப் படித்த பிறகும் என்னைக் கூப்பிடுவாயா? வா என்று ஒரு வார்த்தை போதும். திட்டி எழுதினாலும் வந்துவிடுவேன்.

பாப்பாவை வெயிலில் விடாதே.

உன் சுவர்ப்பக்கத்துத் தங்கை