கம்பியில் கட்டிய கரடி

லுஷ்னியா, அல்பேனியா
12 மே 1996

எலீராவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். வேன்காரர் கொண்டுவந்த மூட்டை வந்து சேர்ந்தது. காப்பித்தூள், உங்கள் அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை, கூடவே அந்தப் பஞ்சுக் கரடி. யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. மகளுக்குத்தான் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. மாமாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"கட்டுற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை வேணும்னு சொல்லியிருந்தேன். அனுப்பிட்டான் பாரு" என்று ஏணியில் ஏறி, மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோடு அதன் கழுத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டார். மற்ற வீடுகளில் கிழிந்த சட்டைக்குள் வைக்கோல். நம் வீட்டில் இத்தாலிக் கரடி. எலீரா சாப்பிடாமல் அழுதாள். இறக்கித் தரச் சொன்னால், வீட்டுக்குக் கண் பட்டுவிடும் என்கிறார்.

பக்கத்து வீட்டு மனுஷாச்சேயைப் புருஷன் இத்தாலிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். எங்களை எப்போது கூப்பிடுவீர்கள்?

நூரியே

பிரெஷா, இத்தாலி
9 ஜூன் 1996

அன்புள்ள நூரியே,

கரடி சமாச்சாரத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அப்பா செய்தது சரிதான், ஊர்க்கண் பொல்லாதது. குட்டி எலீராவுக்கு வேறு வாங்கி அனுப்புகிறேன்.

கூப்பிடுவது கிடக்கட்டும். இங்கே நமக்கு யார் வீடு தருகிறார்கள்? போன் செய்தால், "வந்து பாருங்க" என்கிறார்கள். வாயைத் திறந்து அல்பேனியன் என்றதும், "அடடா, போன வாரமே ஆள் வந்துட்டாங்களே" என்கிறார்கள். பண்ணையில் என்னை சாந்த்ரோ என்று இத்தாலிப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். சப்ரி என்று கேட்டே வெகுநாளாகிவிட்டது.

மேல்தளத்துக்கு ஓடு போட்டு முடியட்டும், வந்துவிடுவேன். ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை அடிக்கச் சொல். உன் கண்களில் முத்தங்கள்.

சப்ரி

லுஷ்னியா
20 ஆகஸ்ட் 1996

எலீராவின் அப்பாவுக்கு,

பச்சை அடித்தாயிற்று. வேறு கரடி வரவில்லை.

கோடைக்கு மனுஷாச்சே வந்திருந்தாள். காப்பி ஆற்றிக்கொண்டே, "உன் வீட்டுக்காரருக்குக் குளிர்காலத்துலயே அங்க தங்குறதுக்கான காகிதம் கிடைச்சிடுச்சே, என் புருஷனோடதான் வாங்கினாரு. இன்னுமா உன்னைக் கூப்பிடலை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று பொய் சொல்லிச் சமாளித்தேன்.

எலீராவைக் கைக்குழந்தையாக விட்டுப்போனீர்கள். காகிதம் இல்லாதவரை, எல்லை தாண்டினால் திரும்ப முடியாது என்றீர்கள். நம்பினேன். இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்? கீழ்த்தளத்தில் நாங்கள் மூன்று பேர். நடுத்தளத்தில் வெங்காயம் காய்கிறது. மேல்தளம் யாருக்கு? வெறும் அறைகளைப் பெருக்கிப் பெருக்கி எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் எலீரா முற்றத்துக்கு ஓடி, மாடியில் தொங்கும் கரடியைப் பார்த்துக் கை ஆட்டுகிறாள். "அப்பாவுக்கு" என்கிறாள். நான் திருத்தவில்லை.

வேறு யாராவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

நூரியே

பிரெஷா
15 செப்டம்பர் 1996

நூரியே,

வேறு யாரும் இல்லை. நம் மகள்மேல் சத்தியம்.

நான் மாட்டுத் தொழுவத்துக்கு மேலே, வைக்கோல் பரணில் படுக்கிறேன். பால் கறப்பதற்கு ஞாயிறும் விடுமுறை கிடையாது, அதனால்தான் ஊருக்கும் வர முடியவில்லை. குளித்தாலும் சாணி வாடை போகாது. ஊரில் நான் மூன்று அடுக்கு மாடிக்காரன். இங்கே ஜன்னலில்லாத பரணில் உன்னை ஏற்றி, "இதுதான் நம்ம வீடு" என்று எந்த வாயால் சொல்வேன்? வெட்கமாக இருக்கிறது. காகிதம் கிடைத்ததை அதனால்தான் மறைத்தேன்.

உங்களை அழைக்கும் தாளில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மனசாந்திக்காக மட்டும். வசந்தத்துக்குள் ஒரு நல்ல வீடு பார்க்கிறேன். நான் சொல்லும்வரை கிளம்பாதே.

சப்ரி

லுஷ்னியா
3 நவம்பர் 1996

எலீராவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கப் போவதில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திரானாவுக்குப் போய் விசா வாங்கிவிட்டேன்.

மாமா முதலில் குதித்தார். "மகன் கட்டின வீட்டைப் போட்டுட்டு மருமக எங்க போவா?" என்றார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். கரடியைக் கட்டிய கம்பியை அவிழ்க்கக் குறடும் அவர்தான் நீட்டினார். "வீட்டுக்குக் கண் பட்டா படட்டும்மா" என்றார். அவருக்குச் சமைத்துப்போட என் நாத்தனார் வந்துவிட்டாள்.

சாணி வாடைக்கு நான் பயப்படவில்லை. கூட்டுப்பண்ணையில் நானும் மாடு மேய்த்தவள்தான், மறந்துவிட்டீர்களா? எனக்குப் பால் கறக்கத் தெரியும் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். பரணை நான் பெருக்கிக்கொள்கிறேன். பெருக்கிய இடத்தில் ஆள் இருந்தால் போதும்.

இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை துர்ரெஸில் கப்பல் ஏறுகிறோம். வெள்ளி காலை பாரி துறைமுகத்துக்கு வாருங்கள். வரவில்லை என்றால் நாங்களே ரயில் பிடித்து, பிரெஷாவில் சாந்த்ரோ யார் என்று கேட்டுக்கொண்டு வருவோம்.

எலீரா வளர்ந்துவிட்டாள். கூட்டத்தில் உங்களுக்கு மகளை அடையாளம் தெரியாமல் போகலாம். மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன ஒரு கரடியைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வருகிறவள்தான் அவள்.

நூரியே