திறக்காத ஆர்டர் பக்கம்

8.3.1999, திங்கள்
மூக்கண்டப்பள்ளி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் பத்து மணிக்கே போய்விட்டது. கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரில் ஜெர்மனிக்காரர்களின் ஆர்டர் பக்கம் திறக்கவில்லை. பிரவுசரில் மற்றதெல்லாம் வருகிறது; அது மட்டும் 'சான்றிதழ் செல்லாது' என்று இங்கிலீஷில் சொல்லி நின்றுவிடுகிறது. வெள்ளிக்குள் அதில் சம்மதம் கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

சூப்பர்வைசர் அழகர்சாமி எல்லார் முன்னாலும், "நீதாம்மா எதையோ அமுக்கிக் கெடுத்திருக்கே" என்றார். நான் என்னத்த அமுக்கினேன்? டைப் அடிக்க வந்தவ. சொன்னதைத்தானே செஞ்சேன்!

9.3, செவ்வாய்
பெங்களூரிலிருந்து என்ஜினீயர் வந்தார். பிரவுசரை அழித்து மறுபடி போட்டார். அதே கதை. "ஹளே மெஷினு சார், ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க."

முதலாளி கோவிந்தப்பன் சார் என்னைப் பார்த்தார். "அது வர்ற வரைக்கும் பேக்கிங்ல நில்லு ஜெபசீலி." வந்த பிறகு?

10.3, புதன்
பேக்கிங். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

11.3, வியாழன்
அவசரக் கடிதம் ஒன்று அடிக்கக் கூப்பிட்டார்கள். தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். பிரிண்ட் எடுத்தால் – 1 ஜனவரி 1980! முதலில் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் பிரவுசர் சொன்னதை மறுபடி முழுக்கப் படித்தேன். சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், 'அல்லது இன்னும் நடப்புக்கு வரவில்லை' என்றும் இருக்கிறது. நடப்பது 1980 என்று நினைக்கிற மெஷின், அந்தப் பக்கம் நிஜம்தான் என்று போன வருஷம் கொடுத்த சான்றிதழை எப்படி நம்பும்?

தேதியை மாற்றினேன். பக்கம் திறந்தது. கத்தியே விட்டேன். கோவிந்தப்பன் சார் ஓடிவந்து, நின்றபடியே சம்மதம் கொடுக்கச் சொன்னார்.

12.3, வெள்ளி
காலையில் மறுபடி 1980. ராத்திரியில் ஏன் மறக்கிறது? திங்களிலிருந்தே ஆன் பண்ணியதும் கறுப்புத் திரையில் ரெண்டு வரி வந்துகொண்டிருந்தது. படிக்காமலே F1 பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன். இன்று படித்தேன் – பேட்டரி தீர்ந்துவிட்டதாம். கம்ப்யூட்டருக்குள்ளே பேட்டரியா?

மூடியைக் கழற்றினோம். அழகர்சாமிதான் டார்ச் பிடித்தார். எட்டணா மாதிரி வட்டமாக ஒன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடை சென்னகிருஷ்ணனிடம் அதே அளவில் இருந்தது. "எந்த வாட்ச்சுக்கும்மா?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றதும் இன்னொரு முறை திருப்பிப் பார்த்துக் கொடுத்தார்.

13.3, சனி
தேதி சரியாக இருக்கிறது!! அழகர்சாமி என் மேஜையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். போதும்.

22.4, வியாழன்
பக்கத்துக் கம்பெனியில் நெட் வரவில்லையாம். கோவிந்தப்பன் சார் போனில், "எங்க ஜெபசீலிய அனுப்பறேன்" என்றார். அவர்கள் கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பெயர், கம்பெனி, வந்த காரணம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று எழுதினேன்.

வாட்ச்மேன் படித்துவிட்டு, "உள்ள போங்கம்மா, காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க" என்றார்.