தனக்குத் தானே தடை சொன்ன மாப்பிள்ளைக்கு

என் மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. ஒரு பக்கம் வெடித்து, ஒரு கால் கழன்றிருக்கிறது. உன் மகள் செய்த வேலை. வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் முகத்திலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கிறாள். மன்னாரில் திருத்தக் கொடுக்கச் சொல்லி உன் மனைவி அனுப்பியிருந்தாள். கொண்டு வந்தவளும் உன் மகள்தான்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது, மச்சான். இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு முழம் வளர்ந்துவிட்டாள். வாசலில் நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கு நீதான் வந்து நிற்கிறாய் என்று பட்டது. அதே பிடிவாத முகம்.

“ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி?” என்று கேட்டேன்.

“என்னைத் திருக்கைவாலாற்ற பேத்தி எண்டு சொன்னவள்.”

ஊர் இன்னும் அந்தப் பெயரை விடவில்லை. உன் அப்பா திருக்கை மீனின் வாலைக் காயவைத்து வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார். அது உனக்கும் உன் அம்மாவுக்கும் அடிக்கத்தான். பள்ளிக்கூடத்தில் நீ சட்டையைக் கழற்றவே மாட்டாய். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கலியாணத்துக்கு முன்பு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மூன்று ஞாயிறு வாசிக்கும் கலியாண ஓலையில் முதலாவதைக் கோவிலில் வாசித்தாயிற்று. மணமக்களின் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சுவாமியார் கேட்டபோது ஊரே உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கிழமையே கரையில் ஏதோ வாய்த்தர்க்கத்தில் கூடத் தொழில் செய்கிறவனுக்கு ஓங்கி அறைந்துவிட்டாய். பிறகு நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாப்புக்கு வந்து, உன் கையை யாரோ இரவல் தந்த சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

உனக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். பத்திரிகையில் அரைப் பக்கம் படித்திருந்த மேதாவி அல்லவா நான்!

“மச்சான், உன்னில பிழையில்லை. மூளைக்குள்ள வேலை முடிஞ்ச இரசாயனங்களை உடைச்சு அப்புறப்படுத்த ஒரு நொதியம் இருக்கு. மீன் சந்தை முடியக் கழுவி விடுறவன் மாதிரி. சில ஆக்களுக்குப் பரம்பரையலகு, ஜீன் எண்டுறது, அந்த நொதியத்தைக் குறைவாத்தான் செய்யும். அவைக்குக் கோவம் கூடவாம். பிறவியிலயே வாறது, என்ன செய்யிறது?”

பெயரைக் கேட்டாய். மோனோ அமைன் ஒக்சிடேஸ் என்றேன். “மோட்டர் சாமான் மாதிரியெல்லே கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சிரித்தபடி போனதால் என் பேச்சு பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ அவருடைய அறையில் கதிரை நுனியில் இருந்தாய்.

“உம்மட சிநேகிதன் தடை சொல்ல வந்திருக்கிறார். ஆரில எண்டு கேட்டால் தன்னிலயாம். ஏதோ நொதியமாம். இது ஆர் படிப்பிச்ச பாடம்?”

நான் நிலத்தைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. “பாதர், தடை தெரிஞ்சும் சொல்லாமல் விட்டால் பாவம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? எனக்குத் தெரியுது. அப்பாவின்ர குணம் என்னட்ட இருக்கு. இண்டைக்கு இல்லாட்டியும் ஒருநாள் அவளுக்கு நான் அடிப்பன்” என்றாய்.

எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு ஊர் தடை சொல்லியிருக்கிறது. தனக்கே தடை சொன்ன மாப்பிள்ளை நீ ஒருவன்தான். சுவாமியார் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வரை யோசிக்கும்படி உன்னிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “நீர் தொடங்கினதை நீரே முடிச்சு வையும்” என்றார்.

மறுநாளே எங்கள் டொக்டர் ஒருவரைப் பிடித்து, மிச்ச அரைப் பக்கத்தையும் கேட்டேன். அந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும் என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. நேரே கரைக்கு ஓடிவந்து சொன்னேன்.

“கொப்பரிட்ட இருந்து அது உனக்கு வர வழியே இல்லையடா! வந்தால் கொம்மாட்ட இருந்துதான்.”

“அம்மாவோ? அவ கோழியைக்கூட அதட்டமாட்டா” என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய். மூன்றாவது ஓலையும் வாசித்து, கலியாணமும் நடந்தது.

ஆனால் டொக்டர் அதோடு நிறுத்தவில்லை, மச்சான். சாதுவான தாயிடமிருந்தும் அது பிள்ளைக்கு வரலாம் என்றார். அது இருக்கிற ஆட்கள் எத்தனையோ பேர் ஒருவருக்கும் கை ஓங்காமலே வாழ்ந்து போகிறார்களாம். சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்தவர்களிடம்தான் அது கூடுதலாகத் தலைகாட்டுவதாகப் படித்தவர்கள் சொல்கிறார்களாம். அதுவும் இன்னும் முடிந்த முடிவில்லையாம். தகப்பனிடம் இருந்தால் பெண்பிள்ளைக்குக் கட்டாயம் போகும் என்றும் சொன்னார். இவை எல்லாவற்றையும் நான் விழுங்கிவிட்டேன். சொன்னால் திரும்பவும் சுவாமியாரிடம் போய் நிற்பாய் என்று பயந்தேன்.

இப்போது உன் மகள் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கிறாள். நீ தடை சொன்ன கதையை அவளுடைய அம்மா பகிடியாகச் சொல்லியிருக்கிறாள். இவள் போனில் தேடிப் படித்திருக்கிறாள்.

“மாமா, அப்பாவிட்ட ஒரு எக்ஸ்தானே? அது அப்பிடியே எனக்குத்தானே வரும்? விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கு.”

இவளுக்கும் அரைப் பக்கம் கொடுத்து அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மனம் வரவில்லை.

“ஓம் பிள்ளை. அப்பாவிட்ட அது இருந்திருந்தால் உன்னட்டயும் இருக்கும். இருந்ததோ இல்லையோ, ஒருத்தரும் சோதிச்சுப் பாக்கேல்லை.”

அழத் தொடங்கிவிட்டாள். “அப்ப நானும் அப்பப்பா மாதிரி அடிக்கிற ஆளாத்தான் வருவன்.”

டொக்டர் சொன்ன மிச்சத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழுகை நிற்கவில்லை. கடைசியில், “அப்பா உனக்கு எப்பவாவது அடிச்சவரோ?” என்று கேட்டேன்.

“இல்லை. அவர் கோவிச்சதையே நான் காணேல்லை.”

“கோவம் வராமல் இருக்கேல்லை, பிள்ளை. வந்தால் உடன கரைக்குப் போயிடுவார். போய் வலையில சிக்கெடுப்பார். சிக்கில்லாத வலையிலயும் எடுப்பார்.”

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னையும் கூட்டிக்கொண்டு போறவர். சிக்கெடுத்துக்கொண்டு கதை சொல்லுவார். ஒரு கதையும் முடிக்கமாட்டார்.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அண்டைக்கெல்லாம் அப்பா கோவத்திலயோ இருந்தவர்?”

“ஓம்.”

“ஆரோட?”

பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “சில நாள் உன்னோடதான்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியைத் திருத்தி எடுத்ததும் தன்னிடம் தரச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தானே கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை முழுவதையும் கேட்டுத் தாங்கிக்கொண்டாள். நீயும் தாங்கியிருப்பாய். கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் உன் அப்பாவின் சாயல் உனக்கு வந்துவிட்டது என்று நீ அந்தக் கரையில் உள்ளுக்குள்ளே பயந்திருப்பாய் அல்லவா? உன் சிநேகிதன் மிச்சத்தையும் சொல்லியிருந்தால், அடிபட்டு வளர்ந்தும் கை ஓங்காமல் நீ வென்றுகொண்டிருக்கிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்த மிச்சத்தை உன் மகளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது மட்டும் என்னோடு கிடக்கிறது, மச்சான்.