உன் பிக்கப் வந்துவிட்டது, அக்கா

என் ஜெசி அக்காவுக்கு,

நீ போய் நாலரை மாதம் ஆகிறது. உங்கள் இசைக்குழுவின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லி, டிரம்ஸ் வாசிக்கும் தினேஷ் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உன்னிடம் சொல்லவேண்டியதுதான் கைக்கு வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நாலு பேர் படித்தால்தான் என்னால் பின்வாங்க முடியாது.

உன் கிட்டாரைக் கெடுத்தவன் நான் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒலக்கூரில், தினேஷ் அண்ணன் வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, குடோனில் நீங்கள் வாசிக்கும்போது, ஆம்பின் சத்தத்தைக் கூட்டினால் போதும், உன் கிட்டார் வீல் என்று கத்தும். கம்பிகளைக் கையால் மூடினாலும் நிற்காது. "பிக்கப்புக்குள்ள சுருள் ஆடுதுடா. மெழுகுல முக்கி எடுத்தா அடங்கிடும்" என்றாய். பிக்கப் என்பது கிட்டார் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. கம்பி அதிர்வதை அதுதான் கரண்டாக்கி ஆம்புக்கு அனுப்புகிறது. உனக்குத் தெரியாததா, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், சால்டரிங் தெரிந்தவன் என்ற திமிரில் நானே கழற்றினேன். மாதா கோயிலில் மீந்த மெழுகுவர்த்திகளை வாங்கி வந்து அடுப்பில் உருக்கினேன். சூடு கூடிவிட்டது. பிளாஸ்டிக் வளைந்து, உள்ளே செம்பு அறுந்து, பிக்கப் செத்துப்போனது. நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி விடு. கத்தறது நின்னுச்சு இல்ல?" என்றாய். அவ்வளவுதான் உன் கோபம்.

அதன்பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை, உன் கால்கள் வீங்கத் தொடங்கின. விழுப்புரத்தில் நீ வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலேயே படுத்து உன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாய். "டாக்டர் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ல பாத்துட்டேன்டா. ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு" என்று எனக்கு ஃபோனில் சொன்னாய். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. நீ வழக்கம்போல் சாயங்கால பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தாய்.

டயாலிசிஸ் செய்வதற்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பார்கள் இல்லையா, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

"எந்தக் கையில எழுதுவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வலது கை சார்."

"அப்ப இடது கையில போட்டுடலாம்."

"வேணாம் சார். வலதுலயே போடுங்க. வாசிக்கறப்ப கம்பியை அழுத்தறது இடது கைதான்."

"இன்னாம்மா வாசிக்கறீங்க? கோயில்ல பாடறப்பவா?"

"இல்ல சார். மெட்டல்."

மெட்டல் என்பது ஒரு முரட்டு ராக் இசை என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீ சொன்னபடியே செய்துகொடுத்தார். காயம் ஆறியதும் வலது மணிக்கட்டை என் காதில் வைத்து அழுத்தினாய். உள்ளே ரத்தம் உர்ர்ர் என்று ஓடியது. "எர்த் சரியா குடுக்கலடா, அதான் ஆம்ப் மாதிரி இரையுது" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மா எழுந்து பின்பக்கம் போய்விட்டது.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகும் அந்த ரயிலில் நாம் அதிகம் பேசியது உன் உடம்பைப் பற்றி அல்ல, புது பிக்கப்பைப் பற்றித்தான். நாலு மணி நேரம் வலது கை ஊசியோடு அசையாமல் கிடக்கும். இடது கையில் ஃபோனை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டே இருப்பாய். நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், எதையாவது ஒன்றைச் சொல் என்றால் கேட்கமாட்டாய்.

பேட்டரியில் ஓடுகிற பிக்கப்பை முதலிலேயே தள்ளிவிட்டாய். இரைச்சல் இருக்காதே, மெட்டல் வாசிக்கிறவர்கள் பாதிப்பேர் அதைத்தானே போடுகிறார்கள் என்று நான் கேட்டேன்.

"பேட்டரி தீந்தா கிட்டார் செத்துடும். நானே மிஷின்ல ஓடிக்கினு இருக்கேன். அதுவாச்சும் தானா ஓடட்டும்."

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நீ நிறுத்தவில்லை. மெட்டல் என்றாலே செம்பை அதிகமாகச் சுற்றிய, அதிகச் சத்தம் தரும் பிக்கப்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது தப்பு என்றாய். கம்பிகளைத் தளர்த்திக் கீழ்ச்சுருதியில் வாசிக்கிறவளுக்கு அது சேறாகத்தான் கேட்கும். "முரட்டுத்தனத்தை ஆம்ப் பாத்துக்கும். பிக்கப் தெளிவா இருந்தா போதும். ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழணும், நிறுத்தினா நிக்கணும்." செராமிக் காந்தம், நடுத்தரச் சுற்று, மெழுகு கம்பெனியிலேயே போட்டிருக்கவேண்டும். கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று என்னை அளக்கச் சொன்னாய். அளந்து சொன்னேன். நம்பவில்லை. மறுபடியும் அளக்க வைத்தாய்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன்?

அதே நாள்தான் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, மாற்று சிறுநீரகம் பற்றி இனிப் பேசுவதற்கில்லை என்றார். "அவங்க ஆசைப்படறதைச் செஞ்சு குடுங்க தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் நீ, "ஆன்லைன் கடையில என் அக்கவுண்ட்லயே எடுத்து வெச்சிட்டேன், பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும் இல்ல. வீட்ல பகல்ல ஆள் இருக்காது, உன் கடை அட்ரஸுக்கு நீயே ஆர்டர் போட்டுடு" என்றாய். மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். பணம் தயாராகத்தான் இருந்தது. கடைசி பட்டனை அழுத்தவேண்டும். விரல் நின்றுவிட்டது. இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காக என்னை நானே அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருவர் உடைந்த டிஸ்பிளேயோடு வந்தார். ஃபோனை மூடி வைத்துவிட்டு அதைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மத்தியானம் நீ கூப்பிட்டாய். "போட்டியாடா?"

"போட்டுட்டேன்க்கா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் ரயில் கிளம்பியதும் கேட்பாய், "பார்சல் வந்துச்சா?" சென்னையில் நிற்கிறது என்றேன். மழையால் தாமதம் என்றேன். கொரியர் ஆள் ஃபோனை எடுக்கவில்லை என்றேன். நீ ஒருமுறைகூட எரிச்சல்படவில்லை. "வரும் வரும். ஜல்தியா வந்தா இன்னா, லேட்டா வந்தா இன்னா" என்பாய். அப்போதாவது நான் போட்டிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு நாளும் போடாமல் விட்டேன்.

அந்த வியாழக்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில் உன் பிரஷர் இறங்கியது. அம்மா உள்ளே சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே டீக்கடையில் நின்றிருந்தேன். ஓடி வந்தபோது உன்னைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அம்மாவின் கையில் அந்தச் சுளை இருந்தது. நெடுநேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து தினேஷ் அண்ணன் என்னைக் கோயில் மதிலோரம் தனியாகக் கூட்டிப்போனார். நானாகவே சொல்லிவிட்டேன். "அண்ணா, அந்த பிக்கப்பை நான் ஆர்டரே போடல."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அவ அக்கவுண்ட் தானடா? அவ ஃபோன்ல தெரியாதா? அன்னிக்கே பாத்துட்டா. எனக்கு ஃபோன் பண்ணா. ஏன் இப்படிப் பண்றான், நானே போட்டுடறேன்னு நான் சொன்னேன். வேணாம்னுட்டா."

"ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "'அவன் போடணும்டா. அவன் போட்டான்னா, நான் வாசிப்பேன்னு அவன் நம்பறான்னு அர்த்தம். போடற வரைக்கும் நான் கேட்டுக்கினே இருப்பேன்'னு சொன்னா."

அக்கா, நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஏன்டா பொய் சொல்கிறாய் என்று ரயிலிலேயே என் சட்டையைப் பிடித்திருக்கலாமே? நான் அவிழ்த்துவிடும் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொள்வாயே, அப்போது என்ன நினைத்தாய்? நீ உயிரோடு இருக்கும்போதே தம்பி கணக்கை முடித்துவிட்டான் என்றா?

கோயிலிலிருந்து நேராகக் கடைக்குப் போய் ஆர்டர் போட்டேன். நீ எடுத்து வைத்தது அப்படியே இருந்தது. மூன்று நாளில் வந்துவிட்டது, அக்கா. மூன்றே நாள்.

ஒலக்கூருக்கு எடுத்துப்போய் அந்தக் குடோனில் வைத்துப் பொருத்தினேன். நாலு நிற ஒயர்கள், எது எங்கே போகவேண்டும் என்று மூன்று முறை சரிபார்த்துச் சால்டர் வைத்தேன். நீ அளக்கச் சொன்ன அளவு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை, ஒவ்வொரு கம்பியும் அதனதன் காந்தத்துக்கு நேர்மேலே நின்றது. தினேஷ் அண்ணன் ஆம்பை முழுதாகக் கூட்டிவிட்டு, தடித்த கம்பியை உள்ளங்கையால் பாதி மூடி அடித்தார். அடி நெஞ்சில் விழுந்தது. அடுத்த அடி அதோடு கலக்காமல் தனியாக விழுந்தது. கையை வைத்து மூடினார். சத்தம் அங்கேயே நின்றது. கத்தவில்லை, இரையவில்லை. நீ தேர்ந்தெடுத்தது சரி.

அவர் ஆம்பை அணைத்துவிட்டு வெளியே போய், களத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டு நின்றார்.

இப்போது பொம்மையார்பாளையத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உன் கிட்டாரை வாசிக்கிறார். கை வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. பேட்டரி பிக்கப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டார். தினேஷ் அண்ணன், "கிட்டாரைத் தொடு. பிக்கப்பைத் தொடாத" என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று இருக்கிறது. அது அம்மாவைப் பற்றியது.

பிக்கப் வந்த அன்று நான் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை அம்மா பார்த்துவிட்டது. "இன்னாடா இது? எம் பொண்ணு கேட்டுக்கினே இருந்தாளே, அதுவா?" என்றது. நான் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொரியர்காரரைச் சபித்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கொரியர் ஆபீஸுக்கே போய்விட்டது. எனக்கு ஆள் வந்து சொல்லி ஓடினேன்.

"எம் பொண்ணு சாகற வரைக்கும் கேட்டாய்யா. நீ மூட்டைக்கடியில போட்டுட்டுத் தூங்கிக்கினு இருந்தியா? நீ நல்லா இருப்பியா?"

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒன்றும் புரியாமல் விழித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்கம்மா. தப்பு எங்களுதுதான்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அக்கா. அப்போதும் வாய் திறக்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் அம்மா அந்தக் கொரியர் ஆபீஸ் பக்கம் பார்த்து ஏதோ முனகுகிறது.

நாளைக் காலை அம்மாவை அங்கே அழைத்துப் போகிறேன். அந்த மனிதருக்கு முன்னால் நின்று, பார்சல் தாமதமாகவில்லை, நான் போடவே இல்லை என்று அம்மாவிடம் சொல்வேன். அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அம்மா அங்கேயே என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அதன்பிறகு அம்மா என்னோடு பேசாமலே இருந்துவிட்டால், அதே வீட்டில், அந்தப் பேச்சில்லாத வீட்டில், நான் அம்மாவைப் பார்த்துக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்த தம்பி,
பெலிக்ஸ்