மன்றத்துக்கு ஒரு கேள்வி வேண்டும்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் தண்ணீர் மோட்டார் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்பதற்காக, இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருளில் இணைய மன்றம் ஒன்றை நிறுவினேன் அல்லவா? ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என் பிழையோ என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. வெறுமையாகக் கிடக்கிறதே என்று ‘புதியவன்’ என்ற பெயரில் நானே ஒரு கேள்வி கேட்டு, என் பெயரில் பதிலும் எழுதினேன். பிறகு, பெயரை மாற்ற மறந்து, அந்தப் பதிலுக்கு என் பெயரிலேயே நன்றியும் சொல்லிவிட்டேன்.

மேலாளர் பார்த்துவிட்டார். “என்ன பெரியவரே, உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லிக்கிறீங்களா? வேற ஆளே கிடைக்கலையா?” அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம், “மாசக் கடைசிக்குள்ள நிஜமா யாரும் வரலைன்னா மூடிடலாம்” என்றார். மன்றத்தை மூடினால் எனக்கும் இங்கே வேலையில்லை. இந்த வயதில் வேறு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். மன்றத்தில் சேர்ந்து ஒரு கேள்வி கேள். நம் வீட்டு மோட்டார் ஓடும்போது கத்துமே, அதையே கேள், பொய்யாகவும் இருக்காது. உன் தங்கையையும் சேரச் சொல். உடனுக்குடன் பதில் எழுதுவேன்.

மேலாளர் கூப்பிடுகிறார். ‘சாப்பிட்டீங்களா’ என்று மட்டும் மன்றத்தில் கேட்டுவிடாதே, எல்லோரும் பார்ப்பார்கள்.

உன் கணவன்