மிலானுக்கும் அண்ணாமலைக்கும் நடுவே ஒரு காகிதம்

எவ்வளவு கோபத்திலும் வேறு எப்படியும் கூப்பிட வாய் வராத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். செங்கம் ரோட்டு வீட்டின் மாடி அறைகள் இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். நான்தான் நன்றாக இல்லை. உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய உறை ஒன்றில் ஒரு விலாசம் இருந்தது. எழுதிப் போட்டேன். பதில் போட்டவர் உங்கள் தங்கை. எனக்கு ஓர் அத்தை இருப்பதை அந்த அத்தையே எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமத்தில், நீங்கள் பிறந்த வீட்டில், தனியாக இருக்கிறார். பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அனுப்புகிறார். "எனக்கு வேறு யாரும் இல்லை. கண் தெரியும்போதே உன் முகத்தைப் பார்க்க வேண்டும். வந்து என்னோடு இரு" என்கிறார்.

விசா கேட்டேன். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டேனாம். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து, முப்பது வருடம் இங்கேயே உட்கார்ந்தவர் நீங்கள். சந்தேகம் மட்டும் என் மேல்!

அந்த மண்ணில் பிறந்தவரின் பிள்ளைகள் வம்சாவளியாகக் குடியுரிமை கேட்கலாம் என்று அத்தைதான் வழி சொன்னார். உங்கள் பிறப்புப் பதிவின் நகலையும் அனுப்பினார். அதில் நீங்கள் மிலான். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் அண்ணாமலை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று காட்ட ஒரு காகிதம் கொடுங்கள், ஒன்று போதும் என்றாள் தூதரகத்தில் பேசிய பெண்.

அந்த ஒன்று, மிலான் என்ற பெயரும் உங்கள் முகமும் சேர்ந்திருந்த உங்கள் பாஸ்போர்ட். அதைத்தான் தீபத்தன்று, மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும், வெந்நீர் அடுப்பில் போட்டீர்கள். நான் அப்போது அம்மா வயிற்றில். அம்மா இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறாள். "அந்த நாடே ரெண்டா போயிடுச்சு, இனிமே எனக்கு எல்லாம் அண்ணாமலையார்தான்னு சொல்லிட்டுப் போட்டாரு. சுத்தி இருந்தவங்க எல்லாம் அரோகரான்னாங்க."

நல்ல அரோகரா! இங்கே வரும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் சிவா, பார்வதி என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இடுப்புப் பையை விட்டு எடுப்பதில்லை. நீங்கள்தான் உண்மையாகவே நம்பித் தொலைத்தீர்கள். துறப்பதற்கு உங்களுக்கு ஒரு நாடு இருந்தது. என் பங்கையும் சேர்த்து எரிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இறப்புச் சான்றிதழாவது கைகொடுக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். அதிலும் அண்ணாமலை. இதை எழுதவே கூசுகிறது, அது என் வேலை. ஆஸ்பத்திரி எழுத்தர் தன்மையாகத்தான் கேட்டார்: "வெளிநாட்டுக்காரருங்களாம்மா? பாஸ்போர்ட்ல இருக்கிற பேரைச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க வெளிநாட்டுக்காரரு? இவரு எங்கப்பா. பேரு அண்ணாமலை. இந்த ஊர்க்காரரு. எழுதுங்க!" என்று கத்தினேன். எழுதிக் கொடுத்துவிட்டார். உங்களுக்காகச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முட்டாள்தனத்தில் நான் உங்களுக்குச் சளைத்தவள் இல்லை.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நாலு நடை நடந்தாயிற்று. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வந்தால்தான் பெயரை மாற்ற முடியும் என்கிறார்கள். "அவரு வேணாம்னு விட்டதை நீ ஏன்டி தோண்டுற?" என்று அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாஷா பாய்தான் சாட்சிக்கு வருகிறேன் என்றார். "மிலான்னு சொல்லித்தாம்மா மொதமொதல்ல சைக்கிள் எடுத்தாரு. உயரம் ஜாஸ்தி. சீட்டை எவ்ளோ ஏத்தியும் முட்டி இடிச்சுது. மறக்குமா அது?" அதைக் கேட்டு, கடை வாசலிலேயே நின்று அழுதேன்.

அடுத்த வாரம் மனு போடுகிறேன், அப்பா. அண்ணாமலை என்று ஓர் ஆள் பிறக்கவே இல்லை, இந்த ஊருக்கும் அவர் பிறப்புக்கும் சம்பந்தமில்லை என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யப்போகிறேன். அந்தப் பெயருக்காக நீங்கள் எதையெல்லாம் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் வரட்டும். உங்கள் மகள் என்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேறு வழியை நீங்கள் மிச்சம் வைக்கவில்லை. போய் நிற்பேன். அத்தை என் முகத்தைப் பார்ப்பார். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களை இந்த ஊர்க்காரர் என்று கத்திச் சொன்னவளும்,
இல்லை என்று சொல்லப்போகிறவளுமான
உங்கள் ஒரே மகள்,
மீனா